கூரை இறக்கிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலையறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது ஒட்டடைக்கம்பின் நெற்றி நிலைக்கட்டையில் ‘ணங்’கென்று இடித்தது.

நெட்டையானவர்கள் நிலையில் இடித்துக்கொள்வது தினம் நடப்பதுதானே என்று வேறு யாராவது கேட்கலாம். அந்தத் தெருவில் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டை அவர் வாங்கிய லட்சணம் எல்லோருக்கும் தெரியும். தரகர் வீடு வீடாக அழைத்துப்போனபோது மனிதர் சமையலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. ஒவ்வொரு நிலைக்குக் கீழேயும் போய் விறைப்பாக நின்று, தலைக்கும் கட்டைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். இந்த வீட்டில்தான் நாலு விரல் நுழைந்தது. “வீடு வாங்க வந்தாரா, சட்டைக்கு அளவு குடுக்க வந்தாரா?” என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா அன்றைக்கே கேட்டுவிட்டாள். ஒட்டடைக்கம்பு என்ற பெயரும் அவள் உபயம்தான்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவர் நிலைக்குக் கீழே பழையபடி விறைப்பாக நிற்கப் பார்த்தார். கையை மேலே கொண்டுபோனார். நாலு விரலும் நுழையவில்லை. ஒரு விரலும் நுழையவில்லை. உச்சந்தலை மரத்தில் முட்டியது.

‘இந்த வயசுல வளர்றேனா என்ன’ என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. காரணம், நெற்றி இடித்தபோது எழுந்த சத்தம். மரத்தில் இடித்த சத்தமாக அது இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத டப்பாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

ஆனால் இன்றைக்கு அதையெல்லாம் ஆராய நேரமில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பெண்டாட்டி திரும்பி வரமாட்டாள். காலையில் போனில் அப்படித்தான் சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பயந்திருக்கமாட்டார், மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, நான் சண்டை போடல. நீங்களா எந்திரிச்சு, அந்த மேசைய விட்டுட்டு, வாசப்படி தாண்டி இங்க வரணும். இருட்டுறதுக்குள்ள. வரலைன்னா அண்ணன அனுப்பி என் துணிமணிய எடுத்துக்கறேன். அவ்வளவுதான்.”

அவளைக் குறை சொல்ல முடியாது. ஒட்டடைக்கம்பு குடிநீர் வாரியத்தில் வரைபடக்காரர். காதிடுக்கில் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் படத்திலேயே அது துருத்திக்கொண்டிருக்கிறது. அலுவலகம் விட்டால் நேரே வேலையறை, வேலையறையில் கார். ஓட்டுகிற கார் அல்ல. பழைய காலத்துக் குண்டுக் காரை எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து, எஞ்சினை வெளியே பிதுங்கவிட்டு, பின்னால் பருத்த சக்கரமும் முன்னால் ஒல்லிச் சக்கரமும் மாட்டி முரட்டுத்தனமாக ஆக்குவார்கள், ஹாட் ராட் என்று பெயர். அதையே ஒரு சாண் நீளத்துக்குச் சின்னதாக, பிளாஸ்டிக்கில் செய்வதுதான் இவருடைய பைத்தியம்.

அதில் இரண்டு விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்று, கூரை இறக்குவது. ஜன்னல்களுக்கு நடுவே நிற்கிற தூண்களைக் குறுக்கே அறுத்து, கொஞ்சம் நறுக்கி எடுத்துவிட்டு, கூரையை மறுபடி கீழே உட்கார வைத்தால் வண்டி புருவத்தைச் சுளித்த மாதிரி ஒரு களை பெறும். இன்னொன்று, கதவை மழிப்பது. கைப்பிடியைச் சீவி எறிந்து, கதவு இடுக்கெல்லாம் புட்டி என்கிற பூச்சுமாவை அடைத்து, நீர்த்தாள் என்கிற ஈர உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுவார். “கதவு எங்கேன்னு தேடணும். தேடியும் கிடைக்கக்கூடாது. அதாங்க அழகு!” என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்வார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுத் தங்கள் கதவைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

பார்சல் பார்சலாகப் பாகங்கள் வந்து இறங்கியபோது பெண்டாட்டி ஒரு சத்தியம் வாங்கினாள். வெளியிலிருந்து இனி ஒரு திருகாணிகூட வரக்கூடாது. மனிதர் சத்தியத்தைக் காப்பாற்றினார். அங்கேதான் வந்தது வினை. இப்போது செய்கிற இந்த வண்டிக்கு எல்லாமே வீட்டிலிருந்துதான். பழைய இயர்போன் ஒயர் எஞ்சினுக்குப் போயிற்று, பேனா ரீஃபில் புகைக்குழாய் ஆயிற்று. வாசற்கதவின் பித்தளைக் கைப்பிடியை அடிப்பக்கம் ராவி, அந்தத் தூளைப் பசையில் குழைத்து ரேடியேட்டருக்குப் பூசினார். நிலைக்கட்டையில் ஒரு சிலாம்பு கிள்ளி டேஷ்போர்டு. சுவரைச் சுரண்டி, அந்தப் பொடியைப் புட்டியில் கலந்தார். சக்கரத்துக்குத் தையல்காரம்மாவிடம் நூல் சுற்றுகிற பாபின் கடன் வாங்கினாரே, அது ஒன்றுதான் வெளிச்சாமான். அதற்கு அவள் இன்னும் தெருவில் வைத்து மானத்தை வாங்குகிறாள்.

வண்டிக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. பெண்டாட்டி, செத்துப்போன தன் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தார், வளைவு அப்படியே பொருந்தியது. கீழே இருந்த, படிப்பதற்கான பிறைக்கோடு, வைப்பர் ஓடிய தடம் மாதிரியே அமைந்தது. அவள் கேட்டபோது இவர் சொன்ன சமாதானம் தெருவுக்கே பாடம்: “இன்னொரு கண்ணு அப்படியேதானே இருக்கு?”

அன்றைக்குப் போனவள்தான்.

இந்த லட்சணத்தில் இன்று காலையும், கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று மேசையில் உட்கார்ந்தார். ஓட்டுநரை உட்கார வைக்கிற வேலை. கம்பியில் புட்டி சுற்றி அவரே செய்த பொம்மை, ஒல்லியாய் நெடுநெடுவென்று. தலைக்குத் தன் முடியையே நறுக்கி ஒட்டியிருந்தார். “மாப்ளே, உங்களையே வெச்சு செஞ்சீங்களா?” என்று மச்சான்கூடக் கேட்டிருக்கிறார். உட்கார வைத்தால் தலை இடித்தது. கூரையை இறக்கி ஒட்டியாகிவிட்டது, இனி அதைத் தொட முடியாது. அந்த மாதிரி நேரத்தில் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டு தொடையிலும் சுற்றிவர ஒரு கோடு போட்டு, எறிய வேண்டிய பக்கத்தில் சின்னதாய்ப் பெருக்கல் குறி வைத்தார். மயிரிழை ரம்பத்தால் அறுத்தார். ஆள் குட்டையானான், தலை பொருந்தியது. டேஷ்போர்டுக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அடித்தட்டையும் ஒட்டினார். வண்டி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் நெற்றியில் இடி.

கூடம் தாண்டி வாசலுக்கு வந்து, பழக்கத்தில் கையை நீட்டினார். கை வழுக்கியது.

கைப்பிடி இல்லை.

கழன்று விழுந்திருந்தால் துளை இருக்க வேண்டும். துளை இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. கைப்பிடி இருந்த இடம் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே எப்போதும் வெளிச்சம் கீற்றாக விழும், மழைக்காலத்தில் எறும்பு வரிசையாக வரும். அந்த இடுக்கைத் தேடி நகத்தால் கீறினார். நகத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தார். பெயிண்ட் தின்னர் வாசனை. இன்னும் காயாத புட்டி.

அந்த வாசனை அவர் வீட்டில் எப்போதும் இருப்பதுதான். ஆனால் எப்போதும் அது வேலையறையிலிருந்து வரும். இன்றைக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தது.

பின்கதவுக்கு ஓடினார். பின்கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

போனை எடுத்தார்.

“கிளம்பிட்டேன். கதவுதான்...”

“கதவுக்கு என்ன?”

“கைப்பிடி இல்ல.”

“அதையும் அறுத்துட்டீங்களா?”

“நான் அறுக்கல. சொன்னா நம்பு. கதவையே காணோம்.”

“எத்தன சாக்கு சொல்லிருக்கீங்க. பெயிண்ட் காயல, பசை இழுக்கல. ஆனா கதவக் காணோம்னு சொல்ல உங்களுக்குத்தாங்க வாய் வரும்.” வைத்துவிட்டாள்.

மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக உண்மையான காரணம் ஒன்று சொன்னார், அதுவும் எடுபடவில்லை.

அடுத்து தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். “அம்மா, கொஞ்சம் வெளியில வந்து எங்க வீட்டப் பாருங்களேன்.”

“எதுக்கு, என் பாபினத் திருப்பிக் குடுக்கப்போறீங்களா?”

“தர்றேன்மா. வந்து பாருங்க, சீக்கிரம்.”

மெஷின் நிற்கிற சத்தம், செருப்பு தேய்கிற சத்தம்.

“சார்... எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?”

“என்ன பெயிண்ட்?”

“செகப்பு. வழவழன்னு. என் மொகமே தெரியுது சார்.”

முந்தாநாள் அவர் வண்டிக்கு அடித்தது அந்தச் சிவப்புதான். வெள்ளிப் பூச்சு, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் இன்னொரு சிவப்பு.

“வாசக்கதவு தெரியுதாம்மா?”

“எந்த வாசல்? இங்க வாசல் இருந்துச்சா? இருந்துச்சில்ல சார்? நான் தெனம் பாக்கறேனே, எனக்கு ஏன்...” அவள் குரல் மங்கியது. போர்வை மேல் போர்வையாகப் போட்டு மூடுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லும் முந்திய சொல்லைவிடத் தள்ளிப்போய், கடைசியில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் இருந்தது. ஸ்பிரே டப்பாவின் இரைச்சல். போனிலிருந்து வருகிறது என்று நினைத்தார். போனைக் காதிலிருந்து எடுத்தார். இரைச்சல் நிற்கவில்லை. சுவரைச் சுற்றி, கூரையைச் சுற்றி, இடமிருந்து வலமாக, நிதானமாக, அவரே அடிக்கிற மாதிரி ஓரத்தில் கையை நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலை உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஜன்னல் இடுப்புயரத்துக்கு இறங்கி ஒடுங்கியிருந்தது, சுளித்த கண் மாதிரி. அதன் வழியே தெரு தெரிந்தது. ஆனால் கலங்கி, ஊதிப் பெருத்து, விளக்குக் கம்பம் யானைக்கால் மாதிரி தடித்துத் தெரிந்தது. கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒரு பிறைக்கோடு. ஓங்கி அடித்தார். சுத்தியல் தெறித்து வந்தது. கீறல்கூட இல்லை.

சுவரில் அடித்தார். சுவர் ‘பொக்’கென்று உள்வாங்கிக் குழிந்தது. செங்கல் இல்லை, சிமெண்டுப் பூச்சு இல்லை. இன்னும் நாலு அடி அடித்தால் ஓட்டை விழும் என்று கையை ஓங்கும்போதே, குழிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று வந்து நின்றது. அகலமானது. அவசரமில்லாதது. கட்டைவிரல் மாதிரி ஒன்று. அது அழுத்தித் தடவியது. குழி நிரம்பியது. இன்னொரு தடவை தடவி, ஓரத்தில் வழிந்ததை வழித்து எடுத்தது.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

பிறகு தேய்ப்பு தொடங்கியது. சர்ர்... சர்ர்... சர்ர்... தலைக்கு மேலே கூரையில், தண்ணீர் வழிய வழிய. நீர்த்தாள் சத்தத்தைக் கேட்டே அது முரடா நைஸா என்று சொல்லிவிடுவார் அவர். முதலில் முரட்டுத்தாள். அப்புறம் நடுத்தரம். இப்போது நைஸ். அதற்கடுத்து மெருகு. அதற்கடுத்து என்ன என்று அவர் மனம் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தார். நடுநடுவே தேய்ப்பு நின்றது. நிற்கும்போதெல்லாம் அவரும் மூச்சைப் பிடித்தார். தூசியை ஊதிப் பார்க்கத்தான் நிறுத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் நிறுத்துவார்.

ஊதினார்கள். வீடு முழுக்க அதிர்ந்தது.

வண்டியை உடைக்க வேண்டும். அது மட்டும்தான் தோன்றியது. குனிந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு தவழ்ந்துதான் வேலையறைக்குள் போக முடிந்தது. நிலை அவ்வளவு இறங்கியிருந்தது. மின்விசிறி தொங்கிய இடம் வழவழவென்று இருந்தது. மேசையை எட்டிப் பிடித்து எழுந்தார்.

வண்டி இல்லை.

வெட்டுப்பலகையின் மேல் இரண்டு கால்கள் மட்டும் கிடந்தன. காலையில் அறுத்துப் போட்டவை. அவற்றின் மேல் பென்சில் கோடு. சின்னப் பெருக்கல் குறி.

கூரை உச்சந்தலையைத் தொட்டது. அழுத்தியது. அவர் குனிந்தார். இன்னும் அழுத்தியது. நாற்காலி தானாக வந்து முழங்காலுக்குப் பின்னால் இடித்ததா, அவர்தான் பின்னால் போனாரா, தெரியவில்லை. உட்கார்ந்தார். கழுத்து ஒரு பக்கம் மடங்கியது. கைகள் முன்னால் நீண்டு, எதையோ பிடிப்பதுபோல் மேசை விளிம்பைப் பிடித்தன. எடுக்கப் பார்த்தார். விரலுக்கடியில் பிசுபிசுப்பு. பசை இழுத்துவிட்டது.

கூரை நின்றது.

நின்றேவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். கூரை அதற்குமேல் இறங்காது. ஒட்டிய பிறகு கூரையை யாரும் தொடமாட்டார்கள்.

கூரையைத் தொடமாட்டார்கள்.

வெளியே குரல்கள். வெகுதூரத்திலிருந்து, ஆனால் எல்லாப் பக்கமும்.

“ஏங்க! உள்ள இருக்கீங்களா? நான் வந்துட்டேங்க. போன்ல உங்க குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, மனசு கேக்கல. கோவமெல்லாம் இல்லைங்க. கதவத் திறங்க.”

அவளேதான். சுவரின் மேல் அவள் உள்ளங்கை தடவிக்கொண்டே போகும் சத்தம். ஒரு பக்கம், அடுத்த பக்கம், மறுபடி முதல் பக்கம். எங்கேயும் தடங்கவில்லை. அவர் வேலை அப்படி.

“மாப்ளே! மாப்ளே!” மச்சான்.

“இங்கதாம்மா இருந்துச்சு வாசல். இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ...” தையல்காரம்மா.

அவர் கத்தினார். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“அண்ணே, கொசு எதாச்சும் கத்துதா? காதுகிட்ட கீச்சுன்னுது.”

ஜன்னல் இருண்டது. அவள் குனிந்து பார்க்கிறாள். ஜன்னல் முழுக்க ஒரே ஒரு கண். கலங்கி, ஊதிப் பெருத்து, ஈரமாய், அவள் அம்மாவின் கண் மாதிரி. அது அவரைத் தேடியது. அவர் மேல் நின்றது. இமைத்தது.

“உள்ள யாராச்சும் தெரியறாங்களாம்மா?” தையல்காரம்மாவின் குரல்.

“இல்ல,” என்றாள் அவள். “ஏதோ பொம்ம. பொம்ம மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு. தல நேரா நிக்கல.”

கண் விலகியது. தெருவிளக்கு எரிந்தது. சிவந்த வெளிச்சம் உள்ளே வந்தது. செருப்புச் சத்தங்கள் சுவரைச் சுற்றிப் போயின, தேய்ந்தன.

தரைக்கடியில் ஏதோ திறந்தது. குளிர்ந்த காற்று. காதிடுக்கில் அரிப்பது மாதிரி இருந்தது; பென்சில் அங்கே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

குனிய முடியவில்லை. கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தார்.

இஸ்திரி போட்ட கால்சட்டையின் மேல், இரண்டு தொடையிலும், சுற்றிவர, மயிரிழை பிசகாமல் ஒரு கோடு.

கோட்டுக்கு அந்தப் பக்கம், முழங்காலுக்கு மேலே, சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.